தந்தை கோயிலும் தனயன் கோயிலும்

முன்னது பெரும்புகழ் பெற்று நின்றவிடத்துப் பின்னது ஒன்று தோன்றி வாழ்தல் எளிதன்று. பெயர் பெற்ற நூலொன்றனைத் தொடர்ந்து இரண்டாம் நூல் வெளிவருங்கால், கற்பார் அதனைத் தனி நூலாகக் கொண்டு கற்பதில்லை. முதல் நூலை ஒரு கையிலும் இதனை மற்றொரு கையிலும் ஏந்தி, எடை குறைகின்றதா என்றே நோக்குவர். சிலப்பதிகாரத்தின் பின் நின்ற மணிமேகலைக்கு நேர்ந்ததும் இதுவே. இளங்கோவடிகளின் நாடகச் சுவையையும் இசைப் பெருக்கையும் சாத்தனாரிடத்துக் காணாதார், பின்னது குறைவுடையது என்று கூறி அமைவர். மாதவியின் மகள் அமுதசுரபியைக் கையிலேந்திப் பசித்தாரை நாடிச் செல்லும் செலவு முதற் காப்பியத்தில் இல்லாத புதுமை என்பதனை எண்ணிப் பார்ப்பார் சிலரே.

நூலுக்கு நேர்வது கல்லுக்கும் நேரும். முதலாம் இராசராசன் தஞ்சையில் எடுப்பித்த பெருங்கோயில் 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அவன் மகன் முதலாம் இராசேந்திரன், 1014 முதல் 1044 வரை நிகழ்ந்த தன் ஆட்சியில், கங்கைகொண்ட சோழபுரத்தில் மற்றொரு பெருங்கோயிலை எடுப்பித்தான். இரண்டும் சிவபெருமானுக்குரியன, இரண்டும் இக்காலத்துப் பிருகதீசுவரர் கோயில் என்னும் ஒரே பெயரால் வழங்குவன, இரண்டற்கும் இடையே ஒரு தலைமுறைக் காலமே உண்டு. ஆதலின், ஒன்றனைக் கண்டவர் மற்றொன்றனோடு ஒப்பிடாதிருத்தல் இயலாது. அவ்வொப்பீட்டை எவ்வாறு செய்தல் முறை என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

சென்ற தைத் திங்களில் மாணவர் பதினொருவர் கூடி, இரண்டு கோயில்களையும் ஒரே நாளிற் காணப் புறப்பட்டோம். காலையில் தஞ்சையை அடைந்து, கேரளாந்தகன் வாயிலையும் இராசராசன் வாயிலையும் கடந்து உள்ளே புகுந்தபொழுது, எம்முள் உரையாடல் தானே நின்றது. இருநூறு அடிக்கு மேல் உயர்ந்த விமானம், அடியினின்று முடி வரை நேர்க்கோட்டிற் சென்று, கண்ணை இடையில் எங்கும் இளைப்பாற விடாது மேலே ஈர்த்துச் சென்றது. ‘நான் இங்கு நிற்கின்றேன்’ என்று கூறுவதன்றி வேறொன்றும் அது கூறவில்லை. அவ்வொன்றே போதுமாயிருந்தது.

பின்னர்க் கும்பகோணம் வழியாக வடக்கு நோக்கிச் சென்றோம். அணைக்கரையிற் கொள்ளிடத்தைக் கடந்து, அப்பால் விரிந்து கிடந்த வயல்களையும் சிற்றூர்களையும் தாண்டியதும், திருச்சியினின்று சிதம்பரம் செல்லும் பெருவழியின் அருகே இரண்டாம் விமானம் தோன்றிற்று. தஞ்சையிற் போல நெருங்கிய கடைத்தெருவும் நகரின் ஆரவாரமும் ஈங்கில்லை. அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றன் நடுவே, புல்வெளி சூழ, ஒரு பேரரசின் தலைநகரக் கோயில் தனித்து நின்றது.

வண்டியினின்று இறங்கிய அளவிலேயே எம்முள் வழக்குத் தொடங்கிற்று. “உயரம் குறைவு, கோபுரமோ இடிந்து கிடக்கின்றது, காலையிற் கண்டதற்குப் பின் இது சிறிதாகவே தோன்றுகின்றது” என்றனர் சிலர். “உயரத்தை அளப்பதற்கு நூலும் கோலும் போதும், கண் எதற்கு?” என்றனர் வேறு சிலர். இருதிறத்தாரும் சொற்போர் நிகழ்த்துகையில், நண்பர் ஒருவர் மட்டும் வாளா நின்றார். அவர்தம் தமையனார் இதே கல்லூரியில் முன்னர்ப் பயின்று, நாவன்மையாலும் தேர்ச்சியாலும் பெயர் பெற்றுச் சென்றவர். இவர் சேர்ந்த நாள் முதலாக, “இன்னாருடைய தம்பியோ?” என்னும் வினாவைக் கேளாத வகுப்பறை இல்லை. நன்றாகப் பேசினால், தமையனைப் போல என்பர். தவறினால், தமையனைப் போல இல்லையே என்பர். இரண்டு விடையிலும் இவர்தம் பெயர் வருவதில்லை. அவர் விமானத்தை நெடுநேரம் நோக்கியிருந்து, “தஞ்சையைப் பற்றிக் கேளாமல் இக்கோயிலைக் காண வருவார் ஒருவரேனும் உளரோ?” என்றார். அதன்பின் எம் வழக்கு விளையாட்டாக இல்லை. ஒவ்வொன்றாக நின்று பார்த்து, நேர்மையாக முடிவு கூற வேண்டும் என்று உடன்பட்டோம்.

முதற்கண் அளவை எடுத்துக்கொள்வோம். கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் ஏறத்தாழ 180 அடி உயரமுடையது. தஞ்சையினும் தாழ்ந்தது என்பதில் ஐயமில்லை. தந்தையின் கோயிலை விஞ்சுதல் தகாது என்று மகன் அடக்கத்தால் உயரத்தைக் குறைத்தான் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. கேட்டற்கு இனிய செய்திதான். ஆயினும் கல்லை நோக்கின், அதனை முழுதும் ஏற்றல் அரிது. அடக்கமே காரணமாயின், உயரத்தோடு ஏனையவும் குறைந்திருத்தல் வேண்டுமன்றோ? விமானத்தின் அடித்தளம் ஏறத்தாழ 100 அடிச் சதுரம். அது தஞ்சையினதற்குக் குறைந்ததன்று. கருவறையிலுள்ள இலிங்கம் ஏறத்தாழ 13 அடி உயரமுடையது. காண்பார் தலை நிமிர்ந்தே காண்பர். விமானமும் மண்டபங்களும் சேர்ந்த முதன்மைக் கட்டடம் ஏறத்தாழ 340 அடி நீளமும் 110 அடி அகலமும் உடையது. இவற்றுள் எங்கும் கைசுருக்கம் காணோம். அகலத்தைக் குறைக்காது உயரத்தை மட்டும் குறைத்தான் எனின், அவன் கருதியது வேறொரு வடிவம் என்பதே பொருந்தும்.

அவ்வடிவம் யாது? தஞ்சை விமானத்தின் விளிம்பு வளையாத நேர்க்கோடு. கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தின் விளிம்போ, மேலேறுந்தோறும் உள்நோக்கி மெல்ல வளைந்து, முடியருகே மீண்டும் நிமிர்கின்றது. தஞ்சையில் நிலைகள் பதின்மூன்று, ஈண்டு ஒன்பது. நிலைகள் குறைந்தமையால் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தனித்தனியே புலனாகின்றது. மூலைகள் கூர்மை தணிந்து, நிழல் வழுவழுப்பாக இறங்குகின்றது. கலை வல்லார் சிலர் முன்னதை ஆண்மைக்கும் பின்னதைப் பெண்மைக்கும் ஒப்பிட்டுரைப்பர். அவ்வுவமை பழகிப் போயிற்று. நமக்குத் தோன்றியது இது: தஞ்சை விமானம் ஆணையிடுவது போன்றது, சோழபுரத்து விமானம் உரையாடுவது போன்றது. முதலதன் முன் நாம் பேச்சொழிந்து நின்றோம்; இரண்டாவதன் முன் பேசினோம், சுற்றினோம், மீண்டும் வந்து நோக்கினோம். நான்கு புறத்தினும் நின்று காணுந்தோறும் அது வேறு வேறாகத் தோன்றிற்று.

அடுத்துச் சிற்பத்தைக் கருதுவோம். இரு கோயில்களிலும் கருவறைச் சுவர் இரண்டு வரிசைகளாக மாடங்கள் உடையது. தஞ்சையின் மேல் வரிசையில் வில்லேந்திய திரிபுராந்தகர் வடிவமே மாடந்தோறும் திரும்பத் திரும்ப அமைந்துள்ளது. போர் வென்ற பேரரசன் ஒரே கருத்தைப் பன்முறை வலியுறுத்துதல் போல்வது அது. கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பியோ, மாடத்துக்கு மாடம் புதுமை வேண்டினான். ஆடும் கணபதி, மாதொருபாகர், அரியும் அரனும் ஒன்றாய வடிவம், காரைக்காலம்மையார் அருகிருந்து தாளமிடக் கூத்தாடும் பெருமான், கலைமகள் என இவ்வாறு ஒன்றைப் போல் மற்றொன்று இராது சென்று, வடபுற வாயிற்படியின் அருகே சண்டேசுவர அனுக்கிரக மூர்த்தியினிடத்து அவ்வரிசை தன் உச்சியை அடைகின்றது.

அச்சிற்பத்தின் முன் நாம் நெடுநேரம் நின்றோம். மணலால் இலிங்கம் சமைத்துப் பசுவின் பாலை ஆட்டிய சிறுவன், அப்பாற்குடத்தைக் காலால் இடறிய தந்தையின் காலைத் துணித்த கதையைப் பெரிய புராணம் கூறும். இறைவன் அச்சிறுவனுக்குத் தானே தந்தையாகித் தன் கொன்றை மாலையைச் சூட்டினான் என்பது கதையின் முடிவு. கல்லில் இறைவனும் உமையும் அமர்ந்திருக்க, சிறுவன் கைகூப்பித் தலை தாழ்த்தியிருக்கின்றான். மாலையை அவன் முடியிற் சுற்றும் அக்கையின் மென்மை, கல்லிற் செய்தது என்பதனை மறக்கச் செய்கின்றது. அவ்வடிவில் இராசேந்திரனே முடிசூட்டப் பெறுகின்றான் என்று கருதுவாரும் உளர். அக்கருத்து எவ்வாறாயினும், தந்தையின் பெரும்புகழுக்குப் பின் வந்த மகன் எடுப்பித்த கோயிலில், தந்தையினின்று பிரிந்து தனக்கென ஒரு மாலை பெற்ற மகனுடைய சிற்பமே தலைசிறந்து விளங்குதல் சிந்தித்தற்குரியது. எம் நண்பர் அவ்விடத்தை விட்டு இறுதியாகவே வந்தார்.

இனித் தந்தையின் கோயில் மேம்பட்டு நிற்கும் இடத்தையும் மறையாது கூறுதல் வேண்டும். தஞ்சைக் கோயில் பேசும் கோயில். தானும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையெல்லாம் கல்லிலே வெட்டுவித்தான் இராசராசன். பொன்னும் மணியும் எடையோடு குறிக்கப்பட்டன. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயரும், அவர்தம் வீடு எத்தெருவில் எத்தனையாவது என்பதும் கூடப் பொறிக்கப்பட்டன. கோயிலைக் கட்டிய பெருந்தச்சனும் ஆங்குப் பெயர் பெற்றான். உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் மறைந்திருந்த சோழர் கால ஓவியங்களைப் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டறிந்தார். மேல் நிலையில் நூற்றெட்டுக் கரணங்களுள் 81 செதுக்கப்பட்டுள்ளன. ஒரு கோயில் மட்டுமன்று, ஒரு நாடே தன் கணக்கையும் கலையையும் ஆங்கு ஒப்படைத்து வைத்திருக்கின்றது.

இராசேந்திரன் கோயிலோ அவ்வாறு பேசுவதன்று. இக்கோயிலை யான் எடுப்பித்தேன் என்று அவன் தன் வாயாற் கூறும் கல்வெட்டு ஈண்டு இல்லை. இங்குள்ளவற்றுள் பழமையான கல்வெட்டு, 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திரன் காலத்தது. இவன் இராசேந்திரனுடைய மகன். தந்தை அளித்த கொடைகளை மகன் எடுத்துரைக்கவே நாம் அறிகின்றோம். இராசராசன் தன் புகழைத் தானே எழுதினான். இராசேந்திரனுக்கோ அவன் மகன் எழுதினான். இதனைக் குறையென்பதா, பேறென்பதா என்று எம்முள் இருதிறத்தாரும் நெடுநேரம் வாதித்தோம். வரலாறு கற்பார்க்கு இது குறையே. மக்களைப் பெற்றார்க்கு ஒருகால் பேறாகவும் தோன்றும்.

ஆயினும் கோயிலைக் கோயிலோடு மட்டும் ஒப்பிட்டால் இரண்டாவதன் அளவு முழுதும் புலப்படாது. தஞ்சை, விசயாலயன் காலந்தொட்டே சோழர் தலைநகர்; இராசராசன் உள்ள நகரிற் கோயில் எடுத்தான். இராசேந்திரனோ கோயிலோடு நகரையும், நகரோடு ஏரியையும் படைத்தான். ஏறத்தாழ 1023-ஆம் ஆண்டளவில் வடக்கே சென்ற அவன் சேனை கங்கை நீரைக் கொணர்ந்தது. அவ்வெற்றிக்கு நினைவாகக் கல்லால் தூண் நாட்டாது, நீராலேயே வெற்றித்தூண் அமைத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அவன் வெட்டுவித்த சோழகங்கம் என்னும் ஏரியைச் சிறப்பிக்கின்றது. இன்று பொன்னேரி என வழங்குவது அதுவே. ஏறத்தாழ 16 மைல் நீளமுடைய கரையும், கொள்ளிடத்தினின்றும் வெள்ளாற்றினின்றும் நீர் கொணர்ந்த கால்களும் அதற்கு இருந்தன. தந்தையின் நூலில் இல்லாத புதிய இயல் இது. மகன் தந்தையினும் உயர்ந்து நிற்க விரும்பவில்லை. அகன்று பரக்க விரும்பினான் என்று நாம் கொள்ளலாம்.

அங்ஙனமாயின், கண்டவர் பலர் இரண்டாவதைக் குறைவாக மதித்தற்குக் காரணம் யாது? கட்டியவன் செய்த குறை அன்று. காலம் செய்த குறை அது. சோழர் ஆட்சி 1279-ஐ ஒட்டி முடிவெய்தியது. அதன்பின் தஞ்சையில் நாயக்கர் வந்தனர். அவர்க்குப் பின் மராட்டியர் வந்தனர். இருவரும் பெருங்கோயிலைப் பேணினர், புதியன சேர்த்தனர். இன்று நாம் வியக்கும் ஒற்றைக்கல் நந்தியும், நுண்வேலைப்பாடு மிக்க சுப்பிரமணியர் கோயிலும் சோழர்க்குப் பிற்பட்டனவே. அரசர் மாறினும் தஞ்சை தலைநகராகவே நின்றமையால், முதற் கோயிலுக்கு வாரிசுகள் குறையவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அவ்வாறு எவரும் வந்திலர். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு அருகாகத் தலைநகராயிருந்த நகரம் சிற்றூர்களாகச் சிதறிற்று.

அதனினும் கொடியது ஒன்றுண்டு. 1836-ஆம் ஆண்டில் ஆங்கில அரசினர் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டுங்கால், இக்கோயிலின் பெருமதிற் கற்களைப் பெயர்த்து அவ்வணைக்குப் பயன்படுத்தினர். கோயிலுக்கு வரும் வழியில் நாம் கடந்து வந்த அணைக்கரை அதுவே. அக்கற்களின் மீது ஏறி வந்து, இங்கு மதில் சிறுத்திருக்கின்றதே என்று வினவுதல் முறையாகுமா? ஆயினும் சீற்றத்தோடு இன்னொன்றையும் சொல்லுதல் வேண்டும். நீரையே தன் வெற்றித்தூணாகக் கொண்ட வேந்தனுடைய மதிற்கற்கள், இன்றும் நீரைத் தடுத்து வயலுக்குத் திருப்பிக்கொண்டிருக்கின்றன. இழப்பு இழப்பே. அவ்விழப்பிலும் அவனுடைய தொழில் தொடர்கின்றது.

கோயிலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ ஒரு மைலுக்கு அப்பாலுள்ள மாளிகைமேட்டையும் கண்டோம். 1980-81 முதலாகத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் ஈண்டு அகழ்ந்து, அரண்மனையின் செங்கற் சுவர் அடிகளையும் கூரை ஓடுகளையும் சீனப் பீங்கான் துண்டுகளையும் வெளிப்படுத்தினர். 2020-க்குப் பின்னும் அகழாய்வு தொடர்ந்தது. முழங்கால் அளவுக்கு நிற்கும் அச்செங்கற் சுவரின் ஓரத்தில் நின்று, கடல் கடந்து கடாரம் வரை சென்ற ஆணை இவ்விடத்தினின்று பிறந்தது என்று எண்ணியபொழுது, காலையில் உயரத்தைப் பற்றிப் பேசியவர்களும் பேசாதிருந்தனர்.

ஆகவே, நாம் கண்ட முடிவு இது. வலிமையிலும், ஒருமையிலும், தன்னைத் தானே விளக்கிக்கூறும் சிறப்பிலும் தந்தையின் கோயில் முதன்மை பெறும். வளைவின் நயத்திலும், சிற்பத்தின் பன்மையிலும், கோயிலையும் நகரையும் நீரையும் ஒருங்கே எண்ணிய கருத்தின் பரப்பிலும் தனயன் கோயில் முதன்மை பெறும். முன்னது இன்றேல் பின்னது தோன்றியிராது. பின்னது இன்றேல், முன்னது ஒருமுறை நிகழ்ந்த அற்புதமாகவே நின்றிருக்குமன்றி ஒரு மரபின் தொடக்கமாகியிராது. பின்னொரு நூற்றாண்டு கழிந்து, இரண்டாம் இராசராசன் தாராசுரத்தில் எடுப்பித்த மூன்றாம் கோயில் உயரத்தில் இவ்விரண்டினும் மிகச் சிறியது. நுண்மையிலோ இரண்டற்கும் இளையாதது. மூவரும் ஒரே கோலால் அளந்து போட்டியிட்டிருந்தால், நமக்கு மூன்று கோயில்கள் கிடைத்திரா. ஒரே கோயிலின் மூன்று படிகளே கிடைத்திருக்கும். யுனெஸ்கோ 1987-இல் தஞ்சைக் கோயிலை உலக மரபுச் செல்வமாக ஏற்று, 2004-இல் ஏனைய இரண்டையும் அதனோடு சேர்த்து, மூன்றையும் ஒரே பெயரில் வழங்குகின்றது. அது தக்கதே.

இன்னும் ஒன்று. ஐப்பசி முழுமதியன்று கங்கைகொண்ட சோழபுரத்துப் பேரிலிங்கம் முழுதும் அன்னத்தால் மூடப்படுகின்றது. பின் அவ்வன்னம் மக்களுக்கு வழங்கப்படுகின்றது. சுற்றுப்புறத்துச் சிற்றூர்களினின்று அன்று திரள்வோர் தஞ்சை விமானம் எத்தனை அடி என்று கேட்பதில்லை. தலைநகரும் மதிலும் அரண்மனையும் போன பின்னரும் அவர்கட்கு இது தம் கோயில், எதற்கும் அடுத்ததன்று.

அன்பர்காள்! நம்முள் முன்னவர் நிழலிற் பிறவாதார் யாவர்? கற்றுப் பெயர் பெற்ற தந்தைக்கு மகனாயோ, தமையனுக்குத் தம்பியாயோ, தமக்கைக்குத் தங்கையாயோ, அன்றி இக்கல்லூரியில் நமக்கு முன் பயின்றோர்க்குப் பின்னவராயோ நாம் ஒவ்வொருவரும் இரண்டாம் நூலாகவே வெளிவருகின்றோம். பிறர் நம்மை முதல் நூலோடு வைத்து எடை பார்ப்பர்; அதனை நாம் தடுத்தல் இயலாது. அடித்தளத்தைச் சுருக்காதிருத்தலும், விளிம்பை நமக்கேற்ற வளைவில் வளைத்தலும் நம் கையில் உள்ளன. இரண்டாவதாக வந்தவரை மதிப்பிடும் வாய்ப்பு நமக்கு நேருங்கால், அவரிடமிருந்து காலம் பெயர்த்துக்கொண்ட கற்கள் எத்தனை என்பதனையும் கணக்கிற் சேர்த்துப் பின்னரே சொல்லத் துணிவோமாக.